மணிக்குள் வெட்டிய பெயர்

வியாழக்கிழமை என்றால் மெர்வின் டல்க்குக்குப் பண்டிகை. மற்ற ஆறு நாளும் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் தன் மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, டிவியைத் திட்டுவார், மழையைத் திட்டுவார், சனிக்கிழமை தோற்கப்போகிற ஊர் கால்பந்து அணியைப் புதன்கிழமையே திட்டித் தீர்த்துவிடுவார். வியாழன் காலை எட்டு மணி ஆனால் போதும், மனிதர் ஆளே மாறிவிடுவார். சவரம் செய்த முகத்தோடு, பழைய கப்பல்துறையின் வாசலைத் தாண்டி, பாய்மரக் கப்பல் பார்க்க வரிசை கட்டி நிற்கும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கடைசித் துறையில் கட்டிக் கிடக்கும் டன்னக் கப்பலில் ஏறுவார். ஏறியதும் கடற்படை வழக்கப்படி பின்தளத்தைப் பார்த்து ஒரு சல்யூட். அதற்குப் பிறகு மாலை ஐந்து மணிவரை அவருக்கு இந்த உலகத்தின் மேல் ஒரு புகாரும் கிடையாது.

டன்னக் என்பது வேலியோரம் பூச்சி பொறுக்கித் தின்னும் பழுப்புக் குருவியின் பெயர். போர்க்கப்பலுக்கு அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் யாரோ, தெரியாது. நீர்மூழ்கிகளை வேட்டையாடக் கட்டிய கப்பல். இருபது வருஷம் கடல் கடலாகச் சுற்றி, ஒரு எதிரியையும் கண்ணால் காணாமல் ஓய்வு பெற்று, இப்போது டிக்கெட் வாங்கி வருகிறவர்களுக்குத் தன் வயிற்றைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தது. அதைப் பராமரிப்பவர்கள் முழுக்கச் சம்பளமில்லாத கிழவர்கள், எல்லாருமே கடற்படையில் குப்பை கொட்டியவர்கள்.

மெர்வின் இந்தக் கப்பலில் பணிபுரிந்தவர் அல்ல. வேறு வேறு கப்பல்களின் இயந்திர அறையில் இருபத்திரண்டு வருஷம் எண்ணெயில் குளித்தவர். அந்தக் காலத்தில் மேல்தளத்துப் பையன்கள் வெயிலில் நின்று பித்தளை துலக்குவதைப் பார்த்து வயிறெரிந்தவர். அந்தக் குறையை இந்த எழுபத்தொரு வயதில்தான் தீர்த்துக்கொண்டிருந்தார். கைப்பிடி, பூண், குழாய் மூடி என்று பித்தளையாக எதைக் கண்டாலும் துணியை எடுத்துவிடுவார். அதிலும் கப்பலின் மணி அவருடைய செல்லப்பிள்ளை. ஒன்பது வருஷமாக வாராவாரம் வெளியே ஒரு மணி நேரம், பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மணிக்குள் தலையை விட்டு உள்ளே ஒரு மணி நேரம். கப்பலின் பொறுப்பாளர் ஃபிலிப்பா எத்தனையோ முறை சொல்லியாயிற்று: "உள்ள பாலிஷ் போடாதீங்க மெர்வின். ஈரத்துணியால ஒத்தி எடுத்தா போதும்." "சரிம்மா" என்பார். ஃபிலிப்பா அந்தப் பக்கம் போனதும் பாலிஷ் டப்பாவைத் திறப்பார்.

அந்த வியாழக்கிழமையும் தலை மணிக்குள்தான் இருந்தது. வெளியே ஃபிலிப்பாவின் குரல் கேட்டது.

"மெர்வின், வெளிய வாங்க. ஒரு நல்ல சேதி."

துணியைச் சட்டென்று கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு தலையை எடுத்தார். ஃபிலிப்பாவுக்கு முப்பத்து நான்கு வயது. குளத்தில் படகு ஏறினாலே வாந்தி எடுக்கிற பெண். இருந்தாலும் கிழவர்கள் அவரைக் 'கேப்டன்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என்ன கேப்டன், மகாராஜா வர்றாரா?"

"அதைவிடப் பெரிய ஆளு. இந்தக் கப்பல்ல ஞானஸ்நானம் வாங்கின பொண்ணு ஒருத்தங்க மத்தியானம் ரெண்டு மணிக்கு வர்றாங்க. பேரு பெவர்லி. ஹாலிஃபாக்ஸ்ல செருப்புக்கடை வச்சிருக்காங்களாம். இந்த மணியைத் தலைகீழா வச்சு, தண்ணி ஊத்தி, இதுலதான் அவங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்திருக்காங்க. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரெண்டு, ஆகஸ்ட் மாசம். அவங்க பேரு மணிக்கு உள்ள வெட்டியிருக்காம். அதைப் பார்க்கத்தான் வர்றாங்க."

மெர்வினின் கை, பையில் இருந்த துணியைப் பிடித்தபடியே நின்றுவிட்டது.

கப்பலில் பிறந்த குழந்தை என்றில்லை, மாலுமிகளின் குழந்தைகளுக்குக் கப்பல் மணியில் ஞானஸ்நானம் கொடுத்து, அதிலேயே பெயரையும் வெட்டி வைப்பது கடற்படையில் பழைய வழக்கம். மெர்வினுக்கு அது தெரியாதா என்ன? ஆனால் அவர் வேலை பார்த்த கப்பல்களில் மணிக்கு வெளியேதான் வெட்டியிருப்பார்கள். இந்த மணியின் உள்பக்கம் ஒன்பது வருஷத்துக்கு முன் கன்னங்கரேலென்று களிம்பு பிடித்துக் கிடந்தது. அதைச் சுரண்டி எடுத்தபோது ஏதோ கீறல்கள் இருந்தது உண்மை. கண்ணாடி போடாத கண்ணுக்குக் கீறலாகத்தான் தெரிந்தது. கீறலைப் போக்குவது எப்படி என்று அவருக்கா சொல்லித் தர வேண்டும்? அழுத்தி அழுத்தித் தேய்த்தார். இப்போது உள்ளே முகம் பார்க்கலாம்.

"என்ன மெர்வின், ஒரு மாதிரி இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல கேப்டன். டீ குடிக்கல, அதான்."

ஃபிலிப்பா போனதும் மெர்வின் கீழே சமையலறைக்கு ஓடினார். எழுபத்தொரு வயதில் கப்பல் ஏணியில் ஓடுவதை ஓட்டம் என்று சொல்லக்கூடாது, ஆனாலும் அவர் மனசு ஓடியது. அங்கே ஐவர் பியூ என்ற கிழவர், பார்வையாளர்களுக்கு விற்க ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். வேல்ஸ்காரர். முப்பது வருஷம் கடலில் சமைத்தவர். அவர் சமையலைத் தின்று பிழைத்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்பதுதான் அவருக்குக் கிடைத்த நற்சாட்சி.

மெர்வின் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் ஐவர் இடி இடியென்று சிரித்தார்.

"நான் எத்தனை தடவைடா சொன்னேன்? அந்த மணியைக் கட்டிக்கிட்டு அழாதேன்னு! இப்போ அந்தம்மா வந்து 'என் பேரு எங்க'ன்னு கேட்டா, உன் துணியைக் காட்டி 'இதுல இருக்கு'ன்னு சொல்லு."

"சிரிக்காதடா பாவி. கேப்டன் என்னைக் கப்பலை விட்டே அனுப்பிடும். வியாழக்கிழமை இல்லேன்னா நான் எங்கடா போவேன்?"

அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டதும் ஐவரின் சிரிப்பு நின்றது. அவருக்கும் வீட்டில் காத்திருக்க ஆள் கிடையாது. கை மாவைத் துடைத்துக்கொண்டார். ஒரு கிண்ணத்தில் உலர்ந்த மாவை அள்ளினார்.

"வா, போய்ப் பார்ப்போம். எழுத்துல ஒரு மயிரிழை பள்ளம் மிச்சம் இருந்தாலும் மாவு போய் ஒட்டும். கேக்கு அச்சுல நான் பார்க்காததா?"

மணிக்குள் மாவைத் தடவினார்கள். மெல்லிய துணியால் லேசாக ஒற்றி எடுத்தார்கள். மெர்வின் இந்த முறை கண்ணாடி போட்டுக்கொண்டு, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து உள்ளே பார்த்தார். வெள்ளை வெள்ளையாக எழுத்துகள் கிளம்பி வந்தன. மெர்வினுக்கு உயிர் வந்தது.

"இருக்குடா ஐவர்! இருக்கு! எல்லாம் இருக்கு! படிக்கவே முடியுது!"

"கத்தாதடா, படி."

படித்தார். ஒன்றன் கீழ் ஒன்றாக, ஒரே வரிசையில், அளந்து வெட்டியது போல் பத்துப் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் தேதி. ஏழாவது பெயர் அறுபத்திரண்டு மார்ச். எட்டாவது பெயர் அறுபத்து மூன்று ஏப்ரல். நடுவில் இடமே இல்லை. விரல் நுழையாது. மெர்வின் மறுபடி படித்தார். சுற்றிலும் டார்ச் அடித்தார். எதிர்ப்பக்கம் வழவழவென்று வெறுமையாக இருந்தது. அங்கே மாவு ஒரு பொட்டுகூட ஒட்டவில்லை.

ஐவரும் தலையை விட்டுப் பார்த்தார். வெளியே எடுத்தபோது மூக்கில் மாவு.

"டேய், நீ தப்பிச்சடா. அந்தம்மா பேரு இங்க வெட்டவே இல்ல."

"வெட்டவே இல்லையா?"

"மத்த பத்தும் உன் தேய்ப்பைத் தாங்கிட்டு நிக்குது, அது மட்டும் எப்படிப் போகும்? அந்தக் காலத்துல ரெண்டு பாட்டில் பீர் வாங்கிக் கொடுத்தா இயந்திர அறை ஆளுங்கதான் வெட்டித் தருவாங்க. அவங்கப்பன் பீரைத் தானே குடிச்சிருப்பான். முடிஞ்சது கதை."

மெர்வினுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஐவரின் மாவுக் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்தார். "சீ, போடா" என்றார் ஐவர். இருவரும் எழுத்துகளில் ஒட்டியதை விட்டுவிட்டு மற்ற மாவைத் துடைத்துச் சுத்தம் செய்தார்கள். மெர்வின் ஐவரிடம் சூடான ரொட்டி இரண்டு வாங்கி, வெண்ணெயும் ஜாமும் அப்பித் தின்றார். தப்பித்தவனுக்குப் பசிக்கும்தானே.

பெவர்லி இரண்டு மணிக்கு வருவதாகச் சொன்னவர், பன்னிரண்டே முக்காலுக்கே வந்துவிட்டார். குள்ளமான, கெட்டியான பெண்மணி. சிவப்புக் கோட்டு. முதல் நாளே தலைமுடியைச் சீர் செய்துகொண்டு வந்திருக்கிறார் என்பது பார்த்தாலே தெரிந்தது. ஃபிலிப்பா ஏதோ கூட்டத்தில் மாட்டிக்கொண்டதால், உணவறையில் உட்காரவைத்து டீ கொடுக்கிற பொறுப்பு மெர்வின் தலையில் விழுந்தது. நல்லவேளை, கையில் குற்றம் இல்லை என்ற தைரியத்தில் அவர் வாயெல்லாம் பல்லாகக் கவனித்தார்.

"இவ்வளவு வருஷமா வரவே தோணலையாம்மா?"

"தோணாம என்ன? முதல்ல கப்பல் எங்கெங்கயோ போயிருந்துச்சு. அப்புறம் கல்யாணம், கடை, ரெண்டு பசங்க. அப்புறம்..." பெவர்லி டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சர்க்கரை போடவே இல்லை. "அப்புறம் பயம். உண்மையைச் சொல்றேன். வந்து பார்த்து, இல்லாம போச்சுன்னா?"

மெர்வினின் பல் மெல்ல உள்ளே போனது.

பெவர்லி கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே நாலாக மடித்த கடிதம், மடிப்பெல்லாம் கிழிந்து ஒட்டுப்போட்டது.

"எங்கப்பா அம்மாவுக்கு எழுதினது. சிட்னி ஹாஸ்கெல். எனக்கு நாலு வயசுல சிங்கப்பூர்ல லாரி மோதிச் செத்துப் போயிட்டாரு. நல்ல மனுஷன்தான், ஆனா வாயைத் தொறந்தா புளுகுன்னு எல்லாரும் சொல்வாங்க. அம்மாவுக்குக் கடலோரம் வீடு வாங்கித் தர்றேன்னாரு, வாங்கல. பிறந்தநாளுக்கு வர்றேன்னாரு, நாலு பிறந்தநாள்ல ஒண்ணுக்கும் வரல. எனக்கு வந்த இரண்டாவது அப்பா, சாப்பாட்டு மேஜையில ஏதாவது பெரிசா பேசினாலே 'சிட்னி பேச்சு'ன்னு சிரிப்பாரு. எங்க வீட்டுல பொய்க்கே அதுதான் பேரு."

கடிதத்தைத் திருப்பி இரண்டு வரிகளைக் காட்டினார். மை மங்கியிருந்தது. *குழந்தையின் பெயரை மணிக்குள் வெட்டச் செய்துவிட்டேன். இந்தக் கப்பல் மிதக்கிறவரைக்கும் அவள் பெயரும் இருக்கும்.*

"என்னைப் பத்தி அவர் எழுதினது இந்த ரெண்டு வரிதான். அவர் சொன்னதுல ஒண்ணே ஒண்ணு நிஜமா இருந்தா போதும், மிஸ்டர் டல்க். வீடு வேண்டாம், பொம்மை வேண்டாம். இது ஒண்ணு போதும் எனக்கு."

மெர்வின் "ரொட்டி எடுத்துக்கோங்கம்மா" என்றார். சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் ஐவர் பாத்திரம் துலக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். மெர்வினுக்கு அந்தச் செத்துப்போன சிட்னி மேல் கோபம் கோபமாக வந்தது. இரண்டு பாட்டில் பீர், அயோக்கியா! இரண்டே பாட்டில்! அதைக்கூடவா கொடுக்க முடியவில்லை உன்னால்?

ஃபிலிப்பா வந்து சேர்ந்ததும் நால்வரும் மேல்தளம் போனார்கள். ஐவருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, ஆனாலும் ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார். பெவர்லி கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, டார்ச்சை வாங்கிக்கொண்டு குனிந்து மணிக்குள் தலையை விட்டார். வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை. உள்ளிருந்து ஒவ்வொரு பெயராகப் படிக்கும் முணுமுணுப்பு கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

தலையை எடுத்தபோது அவர் முகத்தில் அழுகை இல்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. கடை அடைக்கிற நேரத்தில் விளக்கை அணைத்ததுபோல் முகம் இருண்டிருந்தது.

"பத்துப் பேரு இருக்கு," என்றார். "என்னோடது இல்ல." சின்னதாகச் சிரிக்கப் பார்த்தார். "சரி. அப்போ இதுவும் சிட்னி பேச்சுதான்."

"நான்தாம்மா அழிச்சுட்டேன்," என்றார் மெர்வின்.

அவர் யோசித்துச் சொல்லவில்லை. வாய் முந்திக்கொண்டது. ஐவரின் தட்டு கைதவறிக் கீழே விழுந்து உருண்டது.

"என்ன சொல்றீங்க மெர்வின்?" என்றார் ஃபிலிப்பா.

"மத்தப் பேரெல்லாம் இந்தப் பக்கம் இருக்கில்ல? இவங்க பேரு எதிர்ப்பக்கம் தனியா இருந்துச்சு. நான் வந்த புதுசுல பார்த்தேன். பெவர்லி, அப்புறம் ஆகஸ்ட்டுன்னு. அந்தப் பக்கம்தான் எனக்குக் கை வாகு. ஒன்பது வருஷம். தேய்ஞ்சு போச்சு."

"பேருன்னு தெரிஞ்சுமா தேய்ச்சீங்க?"

"பளபளன்னு வரணும்னு ஒரு ஆசை கேப்டன். அறிவில்லாமப் பண்ணிட்டேன்."

பெவர்லி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். மெல்ல மெல்ல முகம் சிவந்தது. பிறகு பிடித்தார் பாருங்கள், ஒரு பிடி!

"ஏய்யா, உமக்கு மூளை இருக்கா இல்லையா? அறுபத்திரெண்டு வருஷம்! எங்கப்பா எனக்குன்னு விட்டுட்டுப் போன ஒரே சொத்துய்யா அது! தேய்க்கிறதுக்கு வேற எதுவுமே கிடைக்கலையா? அவ்வளவு ஆசையா இருந்தா உம்ம மொட்டைத் தலையில போட்டுத் தேய்க்க வேண்டியதுதானே! அதுவும் பளபளன்னுதானே இருக்கு!"

"ஆமாம்மா," என்றார் மெர்வின்.

"என்ன ஆமாம்மா? எங்கம்மா உயிரோட இருந்தா உம்மைத் துடைப்பத்தாலயே அடிச்சிருக்கும்!"

"அடிச்சிருக்கணும்மா."

இத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டு அந்த மனிதருக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அவர் முகத்தில் அணைந்த விளக்கு மறுபடி எரிகிறதே, அது போதும். கத்துகிற பெண் கத்தட்டும்.

ஃபிலிப்பா கத்தவில்லை. அது இன்னும் மோசம். "உங்களை லிஸ்ட்லயிருந்தே எடுக்கணும் மெர்வின்," என்றார் மெதுவாக. மெர்வின் மூச்சை நிறுத்திக்கொண்டார். "எடுக்கல. ஆனா இனிமே மணிப் பக்கமே வரக் கூடாது. பித்தளைப் பக்கமே வரக் கூடாது. அடுத்த வாரத்துலயிருந்து பார்வையாளர் கழிப்பறை உங்க பொறுப்பு. அங்க எல்லாம் பிளாஸ்டிக்." பிறகு பெவர்லி பக்கம் திரும்பினார். "இல்லாத பேரைச் சேர்க்க எனக்கு அதிகாரம் கிடையாது. ஆனா இருந்த பேரு எங்க ஆளால அழிஞ்சிருக்குன்னா, திரும்ப வெட்ட வைக்க முடியும். இந்தக் கடிதம் இருக்கு. கண்ணால பார்த்த ஒருத்தர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா போதும்."

படிவம் எடுக்க ஃபிலிப்பா இறங்கிப் போனார். ஐவர் தட்டைப் பொறுக்கிக்கொண்டு நகர்ந்தார். போகிற போக்கில் மெர்வினின் தோளை ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனார். கப்பலின் மேலே கடல்காகங்கள் கத்திக்கொண்டிருந்தன. எதிரே இருக்கும் வைட் தீவுக்கு ஒரு படகு ஊதிக்கொண்டு போனது. பெவர்லி கோட்டை மாட்டிக்கொண்டு, வேறு குரலில் கேட்டார்:

"எப்படி இருந்துச்சு?"

"எதும்மா?"

"என் பேரு. நீங்க பார்த்தீங்களே. நான் பார்க்கல. உலகத்துல பார்த்தவரு இப்போ நீங்க ஒருத்தர்தான். எப்படி இருந்துச்சு?"

மெர்வின் வெறும் பித்தளையைப் பார்த்தார். இருமினார்.

"அழகா இருந்துச்சும்மா. மத்ததைவிட ஆழமா வெட்டியிருந்தாங்க. வெட்டின ஆளு அவசரப்படல. பக்கத்துல நின்னு யாரோ பார்த்துப் பார்த்து வெட்டச் சொன்ன மாதிரி இருந்துச்சு."

"எங்கப்பா," என்றார் பெவர்லி.

"அவராத்தான் இருக்கணும்."

அதற்குப் பிறகு பெவர்லி அழுதார். மெர்வின் பையிலிருந்து துணியை எடுத்து நீட்டினார். பாலிஷ் நாற்றம் குப்பென்று அடித்தது. "இதைக் கொண்டு போய்க் கடல்ல போடுங்க முதல்ல!" என்று அழுகையோடு அதட்டிவிட்டுத் தன் கைக்குட்டையைத் தேடினார்.

நான்கு வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை, மணியை இறக்கி மணல் மூட்டைகளுக்கு நடுவில் வாய் மேலே பார்க்க வைத்திருந்தார்கள். பெவர்லி தன் இரண்டு மகன்களையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தார். எல்லாருக்கும் வெளிச்சம் மறைக்காதபடி தள்ளி, ரப்பர் பூட்சும் வாளியுமாக, அப்போதுதான் கழிப்பறை கழுவி முடித்த மெர்வின் நின்றார். பித்தளையைப் பார்த்துக் கை பரபரத்தது. வாளியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

செதுக்குகிற ஆள் உளியைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தார். "இடம் சரி. எவ்வளவு ஆழம் போகணும்? மத்ததுங்க மாதிரியே வச்சிடட்டுமா?"

ஃபிலிப்பா மெர்வினைப் பார்த்தார். மெர்வின் வாயைத் திறப்பதற்குள் பெவர்லியே மகன்கள் பக்கம் திரும்பி, கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னார்:

"மத்ததைவிட ஆழமா. எங்கப்பா பக்கத்துல நின்னு, பார்த்துப் பார்த்து அப்படித்தான் வெட்ட வச்சாரு. இவருகிட்ட வேணா கேட்டுப் பாருங்க, இவரு கண்ணால பார்த்தவரு."

எல்லாரும் மெர்வின் பக்கம் திரும்பினார்கள். அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"ஆமா," என்றார். "ஆழமா வெட்டுங்க."